காபியைத் தோற்றவர்

அவர் காபியைத் தோற்றது, நான் அவர் வீட்டு மாடியறைக்குக் குடிவருவதற்கு முன்பே நடந்துவிட்டது. மயிலாப்பூர்க் குளத்தில் அந்த வருடம் தெப்பம் விடுமளவுக்குத் தண்ணீர் நிற்குமா என்று ஒரு மளிகைக்கடைக்காரரோடு பந்தயம் கட்டியிருக்கிறார். நிற்கும் என்பது இவர் கட்சி. நிற்கவில்லை. அன்றிலிருந்து காபி கிடையாது. நான் பெட்டியோடு வந்து இறங்கிய காலையில் அவர் மனைவி இரண்டு டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தார். என்னுடையதில் காபி, அவருடையதில் வெந்நீர். வெந்நீரை டபராவில் ஊற்றி, ஆற்றி, ஆவியை ஒருமுறை முகர்ந்துவிட்டு நிதானமாகக் குடித்தார். வயிற்றுக் கோளாறா என்று கேட்டேன்.

"வயிறு நல்லாத்தான் கீது. தோத்துட்டேன்" என்றார்.

வீடு அபிராமபுரத்தில். கீழே அவரும் மனைவியும் ஒரே மகளும். மேலே ஒற்றை அறையில் நான். அவர் ஆயுள் காப்பீட்டு முகவர். தெருவில் இன்சூரன்ஸ்காரர் என்பார்கள். ஐம்பதை நெருங்கிய வயது, ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட வெள்ளை பேன்ட், அது சைக்கிள் சங்கிலியில் மாட்டாதிருக்கக் கணுக்காலில் ஒரு கிளிப், கேரியரில் ரெக்ஸின் பை. மூன்று தலைமுறையாக மயிலாப்பூர்க்காரர்கள். வீட்டில் தெலுங்கு கொஞ்சமும் மெட்ராஸ் தமிழ் நிறையவும் புழங்கும். மகள் அவரை நைனா என்பாள். அவர் என்னை ரிப்போட்டரே என்பார். நான் நிருபர் இல்லை, பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதை வெட்டுகிறவன் என்று சொல்லிப் பார்த்தேன். எல்லாம் பேப்பர்தானே என்றுவிட்டார்.

சூதாடி என்ற சொல்லைக் கேட்டால் எல்லோருக்கும் கிண்டி மைதானமும் சீட்டுக்கட்டும் அடகுக்கடையும்தான் ஞாபகம் வரும். அவர் ரேஸுக்குப் போனதே இல்லை. காசு வைத்து ஆடுவதை அவர் ஆட்டமாகவே மதிக்கவில்லை. காசு போனால் மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம், திரும்பி வரக்கூடிய பொருளை வைத்து ஆடுவதில் என்ன இருக்கிறது என்பார். அவர் வைத்தது தன்னுடைய பழக்கங்களை. தோற்றால் அந்தப் பழக்கம் போயிற்று, ஆயுள் முழுவதற்கும்.

காசிக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வருவது வழக்கம். தனக்கு ஏற்கெனவே பிடிக்காத பாகற்காயை விட்டுவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். இவர் பிடித்ததை மட்டுமே வைப்பார். பிடிக்காததை வைப்பது எதிராளியை ஏமாற்றுவது என்று நினைத்தார். "காசிக்குப் போவாமயே இவரு விட்டதெல்லாம் சேத்தா, நாலு தடவ காசிக்குப் போன கணக்கு தம்பி" என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

குடையை அவர் தோற்றது ஐப்பசி மழை எப்போது பிடிக்கும் என்ற பந்தயத்தில். அதற்குப் பிறகு எத்தனை மழை பெய்தாலும் நனைந்துகொண்டே சைக்கிள் மிதித்தார். பாலிசித் தாள்கள் நனையாதபடி பையை மட்டும் பழைய மேஜைவிரிப்பில் சுற்றிக்கொள்வார். சொட்டச் சொட்ட ஒருவர் வாசலில் வந்து நின்று, மனிதனுக்கு எந்த நேரமும் எதுவும் நேரலாம் என்று சொன்னால் யாரும் மறுக்கத் துணியமாட்டார்கள். மழைக்காலத்தில் அவருக்கு வியாபாரம் நன்றாகவே நடந்தது.

குளத்தின் வடக்கு மாடவீதியையும் அவர் தோற்றிருந்தார். அங்கே இருந்த ஒரு மருந்துக்கடைக்காரரோடு ஏதோ தேர்தல் பற்றிக் கட்டிய பந்தயம். அந்த வீதியில் கால் வைப்பதில்லை என்பது பணயம். அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கத்துச் சந்துகளில் இருந்தார்கள். எல்லோரையும் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். பங்குனித் தேர் அன்று அவரோடு போயிருந்தேன். மேற்கு வீதியில் வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவர் முனை வந்ததும் வடத்தை விட்டுவிட்டு ஒதுங்கினார். கூட்டம் அவரைக் கடந்து போயிற்று. தேர் வடக்கு வீதியில் திரும்புவதைப் பார்த்து நின்றார். பிறகு வெளித்தெரு வழியாக வேகமாக நடந்து மறுமுனைக்குப் போய்க் காத்திருந்து, தேர் அங்கே வந்ததும் மறுபடி வடத்தைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் வருத்தமில்லை; தன் காரியம் சரியாக நடந்த ஒருவருடைய அமைதிதான் இருந்தது. பின்னாளில் அசோக் நகரில் அவர் மகள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே அவர் நின்றதைப் பார்த்தபோது எனக்கு இந்தத் தேர்தான் நினைவுக்கு வந்தது.

மனைவியிடமும் ஒன்று தோற்றிருந்தார். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்ற பந்தயம். ஆண் என்று சொன்னவர், தோற்றால் மனைவியை டி போட்டுப் பேசுவதை விட்டுவிடுவதாக வைத்தார். பெண் பிறந்தாள். அன்றிலிருந்து மனைவியை அவர் நீங்கள், வாங்க, போங்க என்றே பேசினார். கோபத்திலும் அப்படியேதான். "கதவைத் தொறந்து வெச்சிட்டுப் போயிட்டீங்களே, அறிவு கீதா உங்களுக்கு?" என்று அவர் கத்துவது மாடிவரை கேட்கும். தெருவில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "அவரு தோத்ததுல எனக்கு வந்த லாபம் அது ஒண்ணுதான்" என்றார் அந்த அம்மா.

எல்லாப் பந்தயத்திலும் தோற்றார் என்பதில்லை. ஜெயித்தவையும் உண்டு. ஆனால் அவரிடம் தோற்றவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொண்டு பிறகு மறந்துவிடுவார்கள். பொடியைத் தோற்ற ஒருவர் இவர் எதிரிலேயே மூக்கில் பொடியை இழுத்ததை நான் பார்த்தேன்.  அந்த ஆளோடு இவர் அதற்குப் பிறகு பந்தயம் கட்டவில்லை, அவ்வளவுதான். தோற்றதை உண்மையாகக் கொடுப்பவன் தான் ஒருவன்தான் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அரசாங்கமே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கிய காலம் அது. லஸ் முனையில் சீட்டுகளைத் தட்டியில் குத்தி வைத்துக் கூவி விற்றார்கள். எங்கள் ஞாயிறு பக்கத்துக்குச் சூதாட்டத்தின் வரலாறு என்று ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். நூலகத்துக்குப் போகப் புறப்பட்ட என்னை இன்சூரன்ஸ்காரர் நிறுத்தி உட்காரவைத்தார். அந்த விஷயத்தில் கிடைத்ததையெல்லாம் அவர் படித்திருந்தார். மற்ற வீடுகளில் குலதெய்வத்தைப் பற்றிப் பேசுவதுபோல அவர் அதைப் பற்றிப் பேசினார்.

முதலில் சட்டைப்பையிலிருந்து ஒரு எலும்பை எடுத்து மேஜையில் வைத்தார். ஆட்டின் கணுக்கால் எலும்பு; மார்க்கெட்டில் கறிக்கடைக்காரரிடம் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்தது. உருட்டினால் நான்கு பக்கங்களில் ஒன்று மேலே நிற்கும். உலகத்தின் முதல் தாயக்கட்டை இதுதான் என்றார். சிந்துவெளியில் புள்ளி வைத்த பகடைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வேதகாலத்தில் தான்றிக்காயை அள்ளி வீசி ஆடியிருக்கிறார்கள். ராஜாவே சூதாட்டக்கூடம் நடத்தி, அதற்கு அதிகாரி போட்டு, ஜெயித்தவனிடம் பங்கு வாங்கியிருக்கிறான். ஆகவே லாட்டரியைப் புதிய அக்கிரமம் என்று எழுதிவிடாதே என்று எச்சரித்தார். துருக்கிப் பக்கம் ஒரு தேசத்தில் பஞ்சம் வந்தபோது ஒருநாள் சாப்பாடு, மறுநாள் முழுக்கச் சூதாட்டம் என்று மாற்றி மாற்றிப் பதினெட்டு வருடம் ஓட்டினார்களாம். இன்சூரன்ஸும் அதே குடும்பம்தான் என்றார். லண்டனில் இருநூறு வருடங்களுக்கு முன்னால் முன்பின் தெரியாத பெரிய மனிதர்களின் உயிர்மேல் பாலிசி எடுத்துவிட்டு, அவர்கள் எப்போது சாவார்கள் என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"நீ செத்துப்போவேன்னு நீயே கட்றே. சாவமாட்டேன்னு கம்பெனி கட்டுது. ரெண்டு பேர்ல யாரு உன்மேல பிரியமா கீறாங்கன்னு பாத்துக்கோ" என்றார்.

இலங்கையில் பழைய காலத்தில் விரல்களை வைத்து ஆடியதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. பலகையின் பக்கத்தில் ஒரு சின்னக் கோடரியும் கொதிக்கும் எண்ணெயும் இருக்கும். தோற்றவன் விரலை வெட்டிக்கொண்டு, ரத்தம் நிற்க எண்ணெயில் தோய்த்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு உட்காருவான். வடக்கு ஐரோப்பாவின் காட்டு ஜனங்கள் இன்னும் ஒரு படி மேல். எல்லாம் போனபின் கடைசி உருட்டலுக்குத் தங்களையே வைப்பார்கள். தோற்றவன் வாலிபனாக, பலசாலியாக இருந்தாலும் கட்டுப்படுத்த ஆள் வேண்டாம். தானே கையை நீட்டிக் கயிற்றை வாங்கிக்கொள்வான்.

"ஜெயிச்சவனுக்குத்தான் வெக்கமாம். அடிமையை வீட்ல வெச்சிக்கமாட்டான். தூர தேசத்துக்கு வித்துடுவான். ஏன்னு கேளு. எதிர்ல அவன் மொகத்தைப் பாக்க முடியாது."

இது உண்மை என்று எனக்குத் தெரியும். காபியை ஜெயித்த மளிகைக்கடைக்காரர் இவரைக் கண்டால் கடைக்குள் போய்விடுவார். விட்டுக்கொடுத்துவிட்டேன், தயவுசெய்து குடியுங்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமை தேங்காய் பழத்தோடு வந்து கேட்டுக்கொண்டாராம். நீ யார் விட்டுக்கொடுக்க, பந்தயம் முடிந்ததும் உன் வேலை முடிந்தது என்று இவர் அனுப்பிவிட்டார். மருந்துக்கடைக்காரர் கடையையே தெற்குப் பக்கம் மாற்றிக்கொண்டார். இவரால்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் மாற்றிக்கொண்டார்.

தோற்றதைத் திரும்பப் பிடிப்பதற்காக மறுபடி பந்தயம் கட்டுவதும் அவருக்கு ஆகாது. உலகத்தில் சூதாடிக் கெட்டவர்கள் எல்லோரும் அந்த ஒரு இடத்தில்தான் கெட்டார்கள் என்பார். போனது போனதுதான், அதைப் பலகையில் மறுபடி வைக்கக்கூடாது. என் கட்டுரையில் இந்த வரி இருந்தது. ஆசிரியர் விரல்களையும் எண்ணெயையும் வெட்டியபோது இதையும் சேர்த்து வெட்டிவிட்டார். கட்டுரை வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதைப் படித்துவிட்டு, முக்கியமானது மட்டும் இல்லை என்றார்.

மகளைப் பற்றி இதுவரை அதிகம் சொல்லவில்லை. அவள் சின்ன வயதில் அஞ்சாங்கல் ஆடுவதற்கு அவர் அதே மாதிரி ஐந்து எலும்புகளைத் தேடிக் கொடுத்திருந்தார். வீட்டுக்குள் எலும்பா என்று தாயார் திட்ட, அவள் அதை அரிசி டப்பாவில் ஒளித்து வைப்பாளாம். நான் பார்த்தபோது டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவின் பிடிவாதம் அவளுக்கும் உண்டு என்று தாயார் சொல்வார். எனக்கு அது தெரிந்ததில்லை. சிரித்த முகம், அப்பாவைக் கேலி செய்யத் துணிந்த ஒரே ஆள். "நைனா, சோத்தை மட்டும் யார்கிட்டயும் தோத்துடாதீங்க, அம்மா சமைச்சது வீணாப்பூடும்" என்பாள். அவர் சிரிப்பார்.

அவளை அசோக் நகரில் கட்டிக்கொடுத்தார்கள். உறவில் வந்த சம்பந்தம். பையன் பார்க்க லட்சணமாக, பேச்சுச் சாமர்த்தியத்தோடு இருந்தான். எந்த வேலையிலும் நாலு மாதம் தங்கமாட்டான் என்பதும் குடிப்பான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. சாராயக் கடைகள் திறந்துவிட்ட வருடம் அது. அதுவரை மறைவில் குடித்தவன் இப்போது தெருவோடு குடித்துவிட்டு வந்தான். அடிப்பான் என்று அவள் சொன்னதில்லை. முழங்கைக்குக் கீழேயும் நீண்ட கை ரவிக்கை போட ஆரம்பித்தாள். ஞாயிறுதோறும் அவர் சைக்கிளில் அசோக் நகர் போய்ப் பொழுதுசாய்கிறவரை மகள் வீட்டில் உட்கார்ந்துவிட்டு வருவார். ஒன்றும் பேசமாட்டாராம். அவர் உட்கார்ந்திருக்கும் வீட்டில் மருமகன் குரல் உயராது. அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு அவள் மற்ற நாட்களைத் தள்ளினாள்.

இரண்டாம் தீபாவளிக்கு அவர்கள் வந்திருந்தார்கள். எனக்கும் கீழேதான் சாப்பாடு. மருமகன் காலையிலேயே குடித்திருந்தான். அவனுக்குத் தியாகராய நகரில் ஒரு பாத்திரக்கடையில் வேலை கிடைத்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அவர் இலையைப் பார்த்தபடியே, இந்த வேலையிலாவது நிற்பீர்களா என்று கேட்டார்.

"ஏன் மாமா, பந்தயமா?" என்றான் அவன். கிண்டலாகத்தான் கேட்டான்.

அவர் கையை இலையிலிருந்து எடுத்தார். அவர் இதற்குத்தான் காத்திருந்தார் என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். புத்தி சொல்லிப் பார்த்திருந்தார், பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்த்திருந்தார். அவர் உண்மையாக நம்பியது பந்தயம் ஒன்றைத்தான்.

"அடுத்த தீபாவளி வரைக்கும் இதே கடையில நின்னா நீங்க ஜெயிச்சீங்க. நிக்காட்டி குடியை விட்டுடணும்."

"நின்னுட்டா?"

பரிமாறிக்கொண்டிருந்த மகள் நின்றுவிட்டாள். "நைனா, வேணாம்" என்றாள்.

பெரிய பொருளை ஜெயிக்க வேண்டுமானால் பெரிய பொருளை வைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. "நின்னுட்டா, உங்க வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன். ஆயுசுக்கும்" என்றார்.

மருமகன் சிரித்துக்கொண்டே எச்சில் கையை நீட்டினான். அவர் அதைப் பிடித்தார்.

அன்று மாலை அவள் கிளம்புமுன் அப்பாவிடம் வந்து நின்றாள். நான் படிக்கட்டில் இருந்தேன். "என்னை வெச்சி ஆடிட்டீங்களே நைனா" என்றாள். அவர் பதறிப்போய், உன்னை எங்கே வைத்தேன், என் காலைத்தானே வைத்தேன் என்றார்.

"உங்க காலு வராட்டி எனக்கு வேற யாரு வருவா?"

 ஜெயித்துவிடுவேன் என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வருடம் மருமகன் பாத்திரக்கடையில் நின்றான். அவன் வாழ்க்கையிலேயே ஒழுங்காக வேலை பார்த்த வருடம் அது. ஜுரத்தோடு போனான்; முதலாளி திட்டியபோது வாயை மூடிக்கொண்டு இருந்தான். மாமனாரை வாசலோடு நிறுத்துவதற்காக ஒருவன் இவ்வளவு பாடுபட முடியும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தீபாவளிக்கு மறுவாரம் வேலையை விட்டான்.

"ஒழுங்கா ஜெயிச்சான், ரிப்போட்டரே" என்றார் அவர். அந்தக் குரலில் மரியாதை இருந்தது. அது எனக்கு அருவருப்பாக இருந்தது.

முதலில் அவள் வந்துபோய்க்கொண்டிருந்தாள். பிறகு மருமகன் அனுப்புவதை நிறுத்தினான். சாராயக் கடைகளை அரசாங்கம் மறுபடி மூடிவிட்டது. அவனுக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை, வேறு இடங்கள் தெரிந்திருந்தன. ஞாயிறுதோறும் அவர் வழக்கம்போல அசோக் நகர் போனார். தெருவை ஒட்டி வீடு, இரண்டு படி, பக்கத்தில் கம்பி போட்ட ஜன்னல். அவர் மனைவி உள்ளே போவார். இவர் ஜன்னலுக்கு வெளியே தெருவில் நின்று மகளோடு பேசிவிட்டு வருவார். அக்கம்பக்கத்தவர்கள் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், உட்காரவில்லை. தெருவில் நிற்கிற மாமனாருக்கு மருமகன் பயப்படவில்லை.

அவள் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முற்பகல் அந்த அம்மா அலுவலகத்துக்கே போன் செய்து என்னை வரச்சொன்னார். நான் டாக்சியோடு போனபோது அவர் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஜன்னலை ஒட்டிக் கட்டில். மகள் கண்கள் மஞ்சளாகி, உதடு வெடித்துப் படுத்திருந்தாள். மருமகன் இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றால் அவள் அசையவில்லை.

"நைனா உள்ள வந்து தூக்கட்டும், வரேன்" என்றாள்.

ரிப்போட்டரும் அம்மாவும் தூக்கட்டும், நான் டாக்சியில் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிறேன் என்று அவர் கெஞ்சினார். அவள் தலையை ஆட்டினாள். நான் அவரைத் தனியே இழுத்து, அவன் வீட்டிலேயே இல்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.

"யாரும் பாக்காதப்ப மிதிச்சா அது திருட்டு" என்றார்.  கால் அசையவில்லை.

அவர் ஜன்னலுக்குத் திரும்பினார். அவள் கம்பிகளுக்கிடையே கையை நீட்டி அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"பந்தயம் நைனா. நீங்க வரமாட்டீங்கன்னு நான் கட்றேன். வந்துட்டீங்கன்னா நான் ஆஸ்பத்திரிக்கு வரேன்."

டாக்சிக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். படிகள் ஜன்னலருகே நின்ற அவருக்கு இடதுபுறம், நான்கு அடி தூரம்கூட இருக்காது. அவர் அந்தப் படிகளைப் பார்த்தார். அவர் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"தோத்ததைத் திரும்பப் பலகைல வெக்கக் கூடாதும்மா" என்றார்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை. கொஞ்சம் சிரித்தது போலக்கூட இருந்தது. "அப்ப நான் ஜெயிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

நானும் தாயாரும் தூக்க முயன்றோம். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பலவந்தப்படுத்தினால் வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது என்று அந்த அம்மாவே நிறுத்திவிட்டார். டாக்சியை அனுப்பிவிட்டோம். அவர் தெருவிலேயே இருந்தார். மறுநாள் அவள் பேசாமல் ஆகிவிட்டாள், கூப்பிட்டால் திரும்பவில்லை. அப்போது தூக்கிக்கொண்டு போக முடிந்தது. ஆஸ்பத்திரியைப் பற்றிப் பந்தயம் எதுவும் இல்லையாதலால் அங்கே அவர் உள்ளே போனார். கட்டிலருகில் நின்று நைனா வந்திருக்கிறேன், நைனா உள்ளே வந்திருக்கிறேன் என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கண் திறக்கவில்லை. குழந்தையும் அவளும் போய்விட்டார்கள்.

உடலை அசோக் நகருக்குத்தான் கொண்டுபோனார்கள். அவர் எதிர்ச்சாரியில் ஒரு விளக்குக் கம்பத்தின் பக்கத்தில் நின்றார். மருமகன் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அந்த அழுகை பொய்யில்லை. அவரைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான்.

"ஏன் மாமா ரோட்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க மாமா."

அவர் அவனைப் பார்த்தார். "பந்தயம் கீதே" என்றார்.

"எந்தப் பந்தயம்?"

அவன் நடிக்கவில்லை. செய்தி திருத்துகிறவனாக எத்தனையோ பொய்களை அடையாளம் கண்டிருக்கிறேன்; அது பொய்யான முகம் இல்லை. பாத்திரக்கடை, தீபாவளி, நீட்டிய கை எல்லாம் அவன் மண்டையிலிருந்து எப்போதோ போயிருந்தன. அவர் கையை உருவிக்கொண்டார். உள்ளே போகவில்லை. பாடை வெளியே வந்ததும் அதன் பின்னால் நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் யாரோடும் பந்தயம் கட்டியதாகத் தெரியவில்லை. மனைவியை வாங்க போங்க என்றுதான் பேசினார். அந்த அம்மா பதில் சொல்வதை நிறுத்தியிருந்தார். நான் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுவருடம் மழைக்காலத்தில் லஸ்ஸில் ஒரு ஹோட்டலில் அவரைப் பார்த்தேன். நாற்காலியில் ஒரு குடை சாய்த்து வைத்திருந்தது. வேறு யாருடையதோ என்றுதான் நினைத்தேன். என்னை எதிரில் உட்காரச் சொன்னார். சர்வர் அவர் முன்னால் காபியைக் கொண்டுவந்து வைத்தார். நான் என்னுடையது என்று எண்ணி டம்ளரைத் தொடப் போனேன். அவர் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். டபராவில் ஊற்றி, ஆற்றி, வெந்நீரை முகர்ந்ததுபோலவே முகர்ந்து, முழுவதையும் குடித்தார். காலி டம்ளரை டபராவில் வைத்தார்.

"காலைல வடக்கு மாடவீதி வழியாத்தான் வந்தேன், ரிப்போட்டரே. இந்த முனைலேர்ந்து அந்த முனை வரைக்கும் நடந்தேன்" என்றார்.

நான் நாற்காலியில் சாய்ந்திருந்த குடையைப் பார்த்தேன்.

"ஒண்ணும் ஆவல" என்றார். "மிதிச்சா ஒண்ணுமே ஆவல."

பிறகு சர்வரைக் கூப்பிட்டு இன்னொரு காபி கேட்டார்.